டயர்த் திட்டுக்கு ஒரு பரீட்சை

எங்களுக்கு வேண்டியது வேகத்தடை. எருமை குறுக்கே படுத்த மாதிரி பெரிசாக ஒன்று. ஏறி இறங்கினால் லாரிக்காரனுக்குக் குடல் குலுங்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் மனு மேல் மனுவாகக் கொடுத்தோம். கடைசியில் வந்து இறங்கியது என்ன தெரியுமா? ஸ்கூட்டியில் ஒரு பெண், கால் வைக்கிற இடத்தில் ஒரு வாளி சுண்ணாம்புப் பொடி!

"நான் தமிழ்வாணி. இந்த ரோட்டுக்கு இன்ஜினியர்," என்றாள்.

"வேகத்தடை எங்க மேடம்?"

"அது வேணாம்ணே. ரோட்டை ஒடுக்கப் போறோம்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டுக்கே வந்துவிட்டேன். "ஒடுக்கப் போறீங்களா? போன வருசந்தான் அகலப்படுத்துறோம்னு எங்க வாசப்படியெல்லாம் இடிச்சீக! இப்ப ஒடுக்கப் போறோம்னு வாரீக. வெளையாடுறீகளா?"

அவள் பயப்படவே இல்லை. வாளியை இறக்கி வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டே சண்டை போடுவமாண்ணே?" என்றாள். ஆளைப் பிடித்துவிட்டது எனக்கு.

என் பெயர் ஜுல்பிகர். கீழக்குயில்குடிக்குப் போகிற வழியில், பாறையடி நகர் முச்சந்தியில் டயர் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டுவதும் பழைய டயரை எடுத்துப் புதுசு மாட்டுவதும்தான் தொழில். காற்றடிக்க வருகிறவனிடம்கூட நான் சத்தமாகத்தான் பேசுவேன். அது எங்கள் குடும்பத்துக் குரல், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம். என் மகள் ஆயிஷா சித்திகா அங்கேதான் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கல்லாவில் உட்கார்ந்தால் அவள் வகுப்பு ஜன்னல் தெரியும். நடுவில் இருப்பது இந்த ஒரே ஒரு ரோடு. பைபாஸுக்குக் குறுக்கு வழி என்று தெரிந்த நாளிலிருந்து டிப்பர் லாரி, காலேஜ் பஸ், பைக் என்று அத்தனையும் இதிலேதான் பறக்கின்றன. அந்த ஒரு ரோட்டைத் தாண்டும்போதுதான் ஒரு பைக்காரன் என் பிள்ளையைத் தூக்கி எறிந்தான். கை முறிந்தது. கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, கை சரியாகிவிட்டது. என் மனைவி சாயிரா பானுவின் பயம் மட்டும் சரியாகவில்லை.

அன்றிலிருந்து சாயிராதான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள், கூட்டிக்கொண்டு வருவாள். சாயங்காலம் அவளுக்கு முடியாவிட்டால் நான் போய் அந்தப் பக்கம் நிற்பேன். ஏழாம் வகுப்புப் பிள்ளையை, எல்லோரும் பார்க்க, பால்வாடிக்குக் கூட்டிப் போகிற மாதிரி! ஆயிஷா குமைந்துபோனாள். அதுவும் போதாதென்று சாயிரா ஒரு நாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"என்னங்க, இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். ரோடு இப்பிடியே இருந்துச்சுன்னா டி.சி.ய வாங்கிட்டு நெல்பேட்டையில எங்க அக்கா வீட்ல புள்ளைய விட்ருவேன். அங்க பள்ளிக்கூடம் வாசல்லயே இருக்கு."

"நம்ம வீட்டுப் புள்ள எதுக்குடி அடுத்த வீட்ல வளரணும்?"

"உசுரோட வளரணும். அதுக்குத்தான்."

பதில் சொன்னது ஆயிஷாதான். "தப்பு பண்ணது ரோடு. அதுக்கு என்னைய எதுக்கும்மா ஊரை விட்டு அனுப்புறீங்க?" சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று ராத்திரி மூன்று பேருமே சரியாகச் சாப்பிடவில்லை. எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் இல்லாத வீட்டில் நானும் சாயிராவும் சுவரைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்போம்?

ஆகையால் அந்த இன்ஜினியரம்மா சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டேன். எதிர் மூலையில் டீக்கடை வைத்திருக்கிற காசிமாயனும் கேட்டார். எனக்கு அவர் மாமா, நான் அவருக்கு மாப்ள. பிறப்பில் வந்த முறை இல்லை, பழகிப் பழகி வந்தது.

"ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்துல வண்டி ஓட்டியிருக்கீங்களாண்ணே? எம்புட்டு வேகத்துல போவீங்க?" என்றாள் தமிழ்வாணி.

"அங்க எங்கிட்டு வேகமாப் போறது? உருட்டிக்கிட்டுதான் போகணும்."

"அங்க யாரும் வேகத்தடை போட்ருக்காங்களா?"

நான் காசிமாயன் மாமாவைப் பார்த்தேன். அவர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"எடம் ஒடுக்கமாத் தெரிஞ்சா கால் தன்னால பிரேக்குக்குப் போயிரும். எடம் விரிஞ்சு கெடந்தா ஆக்சிலேட்டருக்குப் போயிரும். இந்த ரோட்டுக்கு நடுவுல ஒரு திட்டு வைப்போம். ரெண்டு பக்கமும் வழி லேசா வளையட்டும். லாரிக்காரன் ஸ்டியரிங்கை ஒடிச்சாத்தான் போக முடியும். ஒடிக்கணும்னா வேகத்தைக் குறைக்கணும். புள்ளைங்க பாதி ரோட்டைத் தாண்டி அந்தத் திட்டுல நின்னுக்கலாம். அப்புறம் மிச்சப் பாதி. ஒரு நேரத்துல ஒரு பக்கத்து வண்டிய மட்டும் பாத்தாப் போதும்."

"வேகத்தடையே போட்ரலாம்ல தாயி? வேலை சுளுவு," என்றார் மாமா.

"நீங்களே ஒண்ணு போட்டீங்களாமே?"

மாமா டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார். ஆமாம், போட்டோம். ஆயிஷா அடிபட்ட கோபத்தில் நாங்களே சிமென்ட் குழைத்து ஒரு மேடு கட்டினோம். மறுநாள் விடிகாலையில் அதில் ஏறி விழுந்த முதல் ஆள் காசிமாயன் மாமாதான், பால் கேனோடு! ரோடெல்லாம் பால். அன்றைக்கே கடப்பாரையால் பெயர்த்து எறிந்தவரும் அவரேதான்.

"திட்டுக்குக் கான்கிரீட் ஊத்த இப்பவே அனுமதி கெடையாது. மொதல்ல கைல கெடைக்கிறத வச்சு செஞ்சு காட்டணும்," என்றவள் என் கடையின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அங்கே மலை மாதிரிப் பழைய டயர். கொசு வருகிறது என்று தெருவே என்னைத் திட்டிக்கொண்டிருந்த டயர். "அண்ணே, இதெல்லாம் எனக்குத் தருவீங்களா?"

தருவதா? அள்ளிக்கொண்டு போ தாயி!

பிறகு பாருங்கள் எங்கள் தெருவை! சுண்ணாம்புப் பொடியில் அவள் ரோட்டில் கோடு போட, கோட்டின் மேல் நாங்கள் டயரை அடுக்கி உள்ளே மணலைக் கொட்டினோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெள்ளையும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்தார்கள்; டயரில் பாதி, யூனிபார்மில் பாதி. ரோட்டோரத்தில் தகர டிரம்களை நிறுத்தி, ராத்திரியில் மின்னுகிற ஸ்டிக்கர் ஒட்டினோம். நடுவே இரண்டு வரிசை டயர், இடையில் பிள்ளைகள் நிற்க ஒரு வழி. இதுதான் எங்கள் டயர்த் திட்டு. ஆயிஷா அதற்குள் போய் நின்று நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, "அத்தா, உள்ள நின்னா ரோடு சின்னதாத் தெரியுது!" என்று கத்தினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

நாலைந்து நாளிலேயே ஹாரன் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. மாமா நம்பவில்லை. "புதுசுன்னு பயந்து போறாய்ங்க மாப்ள. பழகிட்டா டயரு மேலயே ஏத்துவாய்ங்க," என்றார். சாயிராவும் ஆயிஷாவின் கையை விடவில்லை.

அப்போதுதான் தமிழ்வாணி வந்து சொன்னாள். "வர்ற திங்கக்கிழமை காலைல எங்க பெரிய இன்ஜினியர் வாரார். வேகத்தை அளக்குற கருவியோட நிப்பார். வேகம் குறைஞ்சிருந்தா இதே எடத்துல நிரந்தரமாத் திட்டு கட்டிருவோம். குறையலன்னா டயரைப் பூராவும் எடுத்துட்டு ரோட்டைப் பழையபடி விட்ருவாங்க." போகும்போது திரும்பிப் பார்த்து, "நீங்க யாரும் ஒண்ணும் செய்ய வேணாம்ணே. சும்மா இருங்க, போதும்," என்றாள்.

சும்மா இருப்பதா! ஒரு பெரிய மனுஷர் நம் ஏரியாவுக்கு வருகிறார், நம் பிள்ளைகளுக்காக வருகிறார், சும்மா இருந்தால் ஊர் என்ன பேசும்? மதுரைக்காரனிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது?

திங்கட்கிழமை காலையில் பாறையடி நகர் ஜெகஜோதியாக இருந்தது. முச்சந்தியில் 'வருக வருக' என்று பெரிய ஃப்ளெக்ஸ். பெரிய இன்ஜினியரின் போட்டோ கிடைக்கவில்லை என்பதால் எங்கள் போட்டோவையே வரிசையாகப் போட்டிருந்தோம், என் படம் கொஞ்சம் பெரிசு. மாமா செலவில் மேளம். சாயிரா தலைமையில் பெண்கள் ரோஸ்மில்க் பந்தல். மாமாவின் சம்சாரம் நாகஜோதி அக்கா ஆரத்தித் தட்டோடு தயார். ரோட்டின் இரண்டு ஓரமும் சனம்.

வேகம் குறைந்ததா என்றா கேட்கிறீர்கள்? ஒரு வண்டி நகரவில்லை! பைக்காரர்கள் காலை ஊன்றி, "என்னண்ணே, காதுகுத்தா?" என்று விசாரித்தார்கள். காலேஜ் பஸ் நின்று, பிள்ளைகளெல்லாம் ஜன்னலில் தொங்கின. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து ரோஸ்மில்க் குடித்துவிட்டு, மொய் எங்கே எழுத வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீகளா மாமா, பூராப் பயலும் எப்பிடி ஊர்ந்து வாரான்!" என்று குதித்தேன்.

ஜீப் வந்தது. பெரிய இன்ஜினியர் இறங்கினார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. நாங்கள் மாலையோடு பாய்ந்தோம். அவர் மாலையை வாங்கி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, கருவியை நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை இறக்கினார்.

"என்ன தமிழ்வாணி இது?"

அவள் முகம் செத்துப்போயிருந்தது. "சார்..."

"கல்யாண வீட்டு வாசல்ல எந்த லாரிம்மா வேகமாப் போகும்? இது டயரோட வேலையா, மேளத்தோட வேலையா? இத வச்சு நான் என்னன்னு எழுதுறது?" ஜீப்பை நோக்கி நடந்தார். "டயரை எடுக்கச் சொல்லிருங்க."

தமிழ்வாணி என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது, குரல் மட்டும் தீயாய் வந்தது.

"சும்மா இருங்கன்னுதானே சொன்னேன்? அந்த ஒண்ணு முடியலையாண்ணே உங்களால?"

திரும்பிப் பார்த்தேன். பந்தலில் சாயிரா டம்ளரும் கையுமாக அப்படியே நிற்கிறாள். அவள் கண்ணில் நெல்பேட்டை தெரிந்தது.

ஓடினேன். ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டேன். "சார்! சார்! தப்பு எங்க மேல. அந்தப் புள்ள ஒண்ணும் பண்ணல சார். ஒரே ஒரு தடவை! பெல் அடிக்கிற வரைக்கும் நில்லுங்க. ரோட்ல ஒரு ஈ, காக்கா இருக்காது. நான் பொறுப்பு. எம் புள்ள படிக்கிற பள்ளிக்கூடம் சார் அது!"

அவர் என்னைப் பார்த்தார், ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார். "பெல் அடிச்சுப் பத்து நிமிஷம் வரைக்கும் நிப்பேன். ரோட்டுல வேடிக்கை பாக்க ஒரு ஆள் நின்னாலும் கெளம்பிருவேன்."

யா அல்லாஹ், அதற்குப் பிறகு நடந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வேன்! "மேளத்தை நிறுத்துங்கடா! பந்தலைப் பிரிங்க! அம்புட்டுப் பேரும் வீட்டுக்குள்ள போங்க!" என் குடும்பத்துக் குரல் அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது. ஃப்ளெக்ஸ் சரிந்தது. மேளக்காரர்கள் மேளத்தோடு மாமா கடைக்குள் புகுந்தார்கள். மாமா அடுப்பை அணைத்து, பெஞ்சை உள்ளே இழுத்தார். நின்றிருந்த வண்டிகளைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினோம். வாத்தியார்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள். நாகஜோதி அக்கா கைக்குக் கிடைத்த பிள்ளைகளையெல்லாம் தன் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். தெருநாயைக்கூட யாரோ பிஸ்கட் காட்டிச் சந்துக்குள் இழுத்துப் போனார்கள்.

பெரிய இன்ஜினியரும் தமிழ்வாணியும் வேப்பமரத்து நிழலில் ஜீப்புக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். நானும் சாயிராவும் கடைக்குள் நுழைந்து ஷட்டரை இறக்கினோம், பார்க்கிற அளவுக்கு இடைவெளி விட்டு. குப்புறப் படுத்துக்கொண்டுதான் பார்த்தோம். ரோடு காலியாகக் கிடந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக டயர் மட்டும்.

முதலில் ஒரு பைக் வந்தது. அம்பு மாதிரி வந்தது. டிரம்முக்குப் பக்கத்தில் வந்ததும் பிரேக் விளக்கு எரிந்தது. வளைந்து, மெதுவாகப் போனது. சாயிரா மூச்சு விட்டாள். அடுத்து ஒரு கார். அதுவும் குறைந்தது! அடுத்து ஒரு மினி பஸ். குறைந்தது! எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"ஆயிஷா எங்கங்க?" என்றாள் சாயிரா.

"ஒங்கூடத்தானே பந்தல்ல இருந்தா?"

"நான் நீங்க பள்ளிக்கூடத்துல விட்டுட்டீகன்னுல்ல நெனச்சேன்!"

பெல் அடித்தது.

எங்கள் வரிசையிலேயே இருக்கிற நாகஜோதி அக்கா வீட்டுக் கதவு திறந்தது. முதுகில் பையோடு என் பிள்ளை வெளியே வந்தாள். பெல் அடித்துவிட்டால் அவளுக்கு மற்ற எதுவும் காதில் விழாது. ஒரு நாளும் லேட்டாகப் போனவள் இல்லை. நேராக நடந்து வந்து ரோட்டோரத்தில் நின்றாள். அந்த ரோடு முழுவதிலும் ஒரே ஆள் அவள்தான்.

நான் ஷட்டரில் கை வைத்தேன். டிப்பர் சத்தம் கேட்டது. பைபாஸ் பக்கமிருந்து, லோடு ஏற்றிய டிப்பர். சாயிரா என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். நகம் முதுகில் இறங்கியது.

"கத்தாதீங்க. கத்துனா நம்மளத் திரும்பிப் பாப்பா. அவ ரோட்டப் பாக்கட்டும்."

அவள்தான் இதைச் சொன்னாள்! கையை விடவே மாட்டேன் என்றிருந்த சாயிரா! வாய் துஆ ஓதுகிறது, ஆனாலும் என்னை விடவில்லை.

ஆயிஷா வலது பக்கம் பார்த்தாள். ஒரு ஸ்கூட்டர் போகட்டும் என்று விட்டாள். பிறகு நடந்தாள். ஓடவில்லை. பாதி ரோட்டைத் தாண்டி டயர்த் திட்டுக்குள் போய் நின்றாள். இப்போது டிப்பர் வருகிற பக்கம்தான் மிச்சம். இடது பக்கம் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னலில் கட்டிய ரிப்பன்கூட எனக்குத் தெரிகிறது.

டிப்பர் டிரம்மை நெருங்கியது. 'புஸ்' என்று ஏர் பிரேக் சத்தம். வளைவில் திரும்ப வேகத்தைக் குறைத்தவன், திட்டுக்குள் நிற்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டான். வண்டி ஊர்ந்தது. இன்னும் ஊர்ந்தது. நின்றேவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டது.

"போ தாயி!"

ஆயிஷா அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நடந்தாள். பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்தாள். எங்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஷட்டரைத் தூக்கியெறிந்துவிட்டு வெளியே ஓடினேன். கதவு கதவாகத் திறந்து சனம் வெளியே வந்தது. காசிமாயன் மாமா கைலியை மடித்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப் பிடித்து, "மாப்ள! நின்னுட்டான் மாப்ள! டிப்பரு நின்னுட்டான்!" என்று குலுக்கினார். தமிழ்வாணி பெரிய இன்ஜினியரிடம், "சார், வேகம் எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டாள்.

"நின்ன வண்டிக்கு ஏதும்மா வேகம்?" என்றார் அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கான்கிரீட் திட்டுக்கு இன்னைக்கே எழுதுங்க. இந்த எடத்துலயே, இதே அளவுல."

கூட்டம் போட்ட சத்தம் கீழக்குயில்குடி மலைக்கே கேட்டிருக்கும். தமிழ்வாணி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உடனே முறைத்தாள். "தெறப்பு விழாவுக்கும் சும்மா இருப்பீங்களாண்ணே?" என்றாள். அதெல்லாம் சத்தியம் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டேன்.

திரும்பினால் சாயிரா இன்னும் ஷட்டருக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் பள்ளிக்கூட கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க."

"சொல்லுடி."

"சாயங்காலம் பெல் அடிச்சதும் நீங்க அந்தப் பக்கம் போய் நிக்க வேணாம்."

"நீ போறியா?"

"நானும் போகல," என்றாள் சாயிரா. "அவளே வருவா."